தண்ணீரில் கரைந்த கந்தக டை ஆக்சைடைக் கரியால் கந்தக அமிலமாக்குதல்: மூடிய பாட்டில் முறை

கரியை வினையூக்கியாக வைத்து, காற்றிலுள்ள ஆக்சிஜனால் கந்தக டை ஆக்சைடைக் கந்தக அமிலமாக்கும் இந்தச் சோதனையைக் குடுவையில் காற்று ஊதிச் செய்வதே வழக்கம். அமிலக் கரைசலில் காற்றை ஊதினால் கந்தக டை ஆக்சைடில் ஒரு பகுதி காற்றோடு கிளம்பிவிடும்; போனதையும் வினைபுரிந்ததாகவே எழுதி வைப்போம். மூடிய பாட்டிலில் அந்தத் தொல்லை இல்லை.

0.6 முதல் 2.4 மி.மீ. அளவுள்ள சிரட்டைக் கரியை (செயலூட்டியது) நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு மணி நேரம் சூடாக்குங்கள். சாம்பலில் உள்ள இரும்பும் வினையூக்கிதான். அது போகாவிட்டால் கரியின் வேலை எது, இரும்பின் வேலை எது என்று பிரிக்க முடியாது. கழுவிய நீரில் வெள்ளி நைட்ரேட் விட்டால் கலங்காத வரை அலசி, 110 டிகிரியில் உலர்த்துங்கள். இதில் 2 கிராமைச் சிறிது நீரில் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள், நுண்துளைகள் நனையும்.

ஒரு லிட்டர் பாட்டிலில் இந்தக் கரியையும் 0.19 கிராம் சோடியம் மெட்டாபைசல்பைட்டையும் போட்டு, காய்ச்சி வடித்த நீரால் 250 மி.லி. ஆக்குங்கள். கடைசியாக 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 2 மி.லி. விட்டு உடனே மூடிக் குலுக்கியில் வையுங்கள். புகைப்போக்கி அலமாரிக்குள் செய்யுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் கிட்டே வர வேண்டாம்.

அமிலம் பட்டதும் மெட்டாபைசல்பைட்டிலிருந்து 128 மி.கி. கந்தக டை ஆக்சைடு வரும். அதற்கு 32 மி.கி. ஆக்சிஜன் வேண்டும். நீரில் கரைந்திருப்பது சுமார் 2 மி.கி.தான்; மேலேயுள்ள காற்றில் 200 மி.கி. இருக்கிறது. ஆகவே குலுக்காமல் வைத்தால் வினை நொண்டும்.

15, 30, 60, 120 நிமிடங்களுக்குத் தனித்தனி பாட்டில் வையுங்கள். கரி படிந்ததும் 10 மி.லி. எடுத்து, பிப்பெட் முனையை 25 மி.லி. 0.01 நார்மல் அயோடினுக்குள் முக்கி விடுங்கள். கந்தக டை ஆக்சைடு தின்றது போக மிச்ச அயோடினை 0.01 நார்மல் தயோசல்பேட்டால், ஸ்டார்ச் சேர்த்து, தரம்பாருங்கள் (நீல நிறம் மறையும் வரை சொட்டுச் சொட்டாக விட்டு அளப்பது). தொடக்கத்தில் தயோசல்பேட் சுமார் 9 மி.லி. செலவாகும், வினை முடிந்தால் 25ஐ நெருங்கும். நெருங்கவே இல்லையா? கரித்தூளைச் சந்தேகியுங்கள். கரி அயோடினை விழுங்கும், கந்தக டை ஆக்சைடு அப்படியே இருப்பதுபோல் கணக்கு வரும். பிப்பெட் முனையில் கண்ணாடிப் பஞ்சு அடைத்து உறிஞ்சி, பஞ்சை எடுத்துவிட்டு ஊற்றினால் சரியாகிவிடும்.

கரி இல்லாத பாட்டில் ஒன்று, கரியோடு நைட்ரஜன் நிரப்பியது ஒன்று என இரண்டு வெற்றுச் சோதனைகள் கட்டாயம். பின்னதில் கந்தக டை ஆக்சைடு குறைவது வெறும் பரப்புக் கவர்ச்சி (கரியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்வது).

சல்பேட்டுக்கு வேறு 100 மி.லி. எடுங்கள். அமிலமாக்கி, நைட்ரஜன் ஊதி மிச்ச வாயுவை விரட்டி, சூடாகப் பேரியம் குளோரைடு சேருங்கள். முழு மாற்றமென்றால் 187 மி.கி. வீழ்படிவு வரும். அயோடின் கணக்கைவிடக் குறைந்தால் அமிலம் துளைகளுக்குள் நிற்கிறது. கரியை வெந்நீரில் அலசி, அந்த நீரில் உள்ள சல்பேட்டையும் அளந்து பாட்டில் முழுமைக்குமான கணக்கில் கூட்டுங்கள்.