100 கிராம் புல்லில் உலர்பொருள் பாடம்

தீவனக் கணக்கைக் கரும்பலகையில் தொடங்காதீர்கள். விவசாய மாணவர்களின் ஒவ்வொரு குழுவுக்கும் நறுக்கிய பசும்புல் சரியாக 100 கிராம் கொடுத்து, மைக்ரோவேவ் அடுப்பில் காயவைத்து மீண்டும் நிறுக்கச் சொல்லுங்கள். எத்தனை கிராம் மிஞ்சுகிறதோ, அதுவே உலர்பொருள் சதவீதம். முதலில் 3 நிமிடம், பிறகு அரை அரை நிமிடமாக, அடுத்தடுத்த இரண்டு நிறைகளும் ஒன்றாகும் வரை. உள்ளே ஒரு குவளை தண்ணீரும் வையுங்கள், புல் கருகாது.

பசும்புல்லில் பெரும்பகுதி நீர் என்பதைப் புத்தகத்தில் படிப்பது வேறு, கையில் நிறுத்துப் பார்ப்பது வேறு. சிஓ-3 என்ற கலப்பினத் தீவனப்புல்லில் ஏறத்தாழ 20 கிராம் மிஞ்சும், வைக்கோலில் 90. உடல் நிறையில் 3 சதவீதம் என்று வைத்தால் 300 கிலோ பசுவுக்கு நாளொன்றுக்கு 9 கிலோ உலர்பொருள் வேண்டும்: அது 45 கிலோ புல், அல்லது 10 கிலோ வைக்கோல். வைக்கோலில் புரதம் மிகக் குறைவு என்பதால் பிண்ணாக்கும் சீமைக்கிளுவைக் (கிளிரிசிடியா) குழையும் ஏன் தேவை என்ற கேள்வியை மாணவர்களே எழுப்புவார்கள். அந்த இடத்தில் அவசரப்படாமல் நேரம் கொடுங்கள்.

யாழ்ப்பாணத்து மாரியில் வெட்டிய ஈரப்புல்லுக்கு இது சரிவராது. இலைமேல் நிற்கும் மழைநீர் கணக்கைக் குழப்பும், முதலில் நிழலில் உலர்த்துங்கள். காற்றுப்புகாமல் புளிக்கவைத்த பசுந்தீவனமான சைலேஜுக்கும் பொருந்தாது, அதன் அமிலங்களும் ஆவியாகிவிடும். காயவைத்த மாதிரியைப் புரதச் சோதனைக்கு அனுப்ப வேண்டாம்.