ஆன்லைன் வகுப்பில் மீன்குழம்பு கற்கிறீர்களா? முதலில் கப்பைப் பாருங்கள்

ஆசிரியர் ‘ஒரு கப்’ என்றதும் பலர் ரைஸ் குக்கரோடு வந்த கப்பை எடுத்துவிடுகிறார்கள். அதில் பிடிப்பது 180 மில்லிதான். வகுப்புகளில் கப் என்றால் பெரும்பாலும் 240 அல்லது 250 மில்லி. அரிசியைச் சின்னக் கப்பிலும் தண்ணீரைப் பெரிய கப்பிலும் அளந்தால் சோறு குழையத்தான் செய்யும். ஒரு சின்னத் தராசு வாங்கிவிடுங்கள், பாதிக் குழப்பம் தீரும்.

மிளகாய்த்தூளையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஆசிரியர் 3 தேக்கரண்டி போடுவது மல்லியும் சேர்த்து அரைத்த குழம்புத்தூளாக இருக்கலாம். அதே அளவு தனி மிளகாய்த்தூளைப் போட்டால் வாயில் வைக்க முடியாது. தனித்தூள் என்றால் மிளகாய் 1, மல்லி 2 தேக்கரண்டி.

நான்கு பேருக்கு அரை கிலோ மீன், 150 கிராம் சின்ன வெங்காயம், 2 தக்காளி, 30 கிராம் புளி, அரைத் தேக்கரண்டி வெந்தயம், 4 மேசைக்கரண்டி நல்லெண்ணெய், கறிவேப்பிலை, உப்பு. சிங்கப்பூரில் இருந்தால் லிட்டில் இந்தியாவின் தேக்கா மார்க்கெட்டுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். வஞ்சிரத்தை அங்கே வழங்கும் மலாய்ப் பெயரில் ‘பாத்தாங்’ என்று கேட்டால் துண்டு போட்டுத் தருவார்கள். வகுப்புக்கு 20 நிமிடம் முன்னால் புளியை 2 கப் வெந்நீரில் ஊறவிடுங்கள். வெங்காயமும் தக்காளியும் அதற்குள் நறுக்கியிருக்க வேண்டும். நறுக்கிக்கொண்டே திரையையும் பார்த்தால் கையும் வெட்டுப்படும், பாடமும் போய்விடும்.

அடுப்பு விஷயத்தில் கவனம் தேவை. மண்சட்டி, அலுமினியச் சட்டி இரண்டும் சாதாரண இண்டக்‌ஷனில் சூடேறாது. அடியில் காந்தம் ஒட்டும் பாத்திரமே வேண்டும். ஆசிரியர் சொல்லும் நிமிடங்கள் அவர் அடுப்புக்கு உரியவை. ‘எத்தனை நிமிடம்’ என்று கேட்காதீர்கள், ‘எந்தப் பதம்’ என்று கேளுங்கள். வெந்தயம் பொன்னிறத்தில் இருக்கும்போதே வெங்காயம் விழ வேண்டும், கருகினால் குழம்பு முழுக்கக் கசக்கும். வெங்காயமும் தக்காளியும் நன்றாக வதங்கியபின் தீயைக் குறைத்துத் தூளைப் போட்டு அரை நிமிடம் கிளறி, உடனே புளிக்கரைசலை ஊற்றுங்கள். பச்சை வாசனை போய் ஓரத்தில் எண்ணெய் மிதக்கும்வரை கொதிக்கட்டும். பொறுமையில்லாமல் மீனை முன்பே போட்டால் மீன் உடையும், புளி பச்சையாகவே நிற்கும். மீன் விழுந்தபின் கரண்டி போடாதீர்கள். சட்டியின் இரு காதையும் துணியால் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள், 7 அல்லது 8 நிமிடத்தில் வெந்துவிடும். தேங்காய்ப்பால் பிடிக்குமானால் கடைசியில் 100 மில்லி, சிறுதீயில். கொதிக்கவிட்டால் திரிந்துபோகும்.

போனை அடுப்புக்கு நேர்மேலே வைத்தால் ஆவி படிந்து லென்ஸ் மங்கும், ஒரு கை தள்ளிப் பக்கவாட்டில் நிறுத்துங்கள். புகைபோக்கி ஓடும்போது மைக்கை அணைத்துவிடுங்கள். மீன் போடும் முன் ஒருமுறை சட்டியைக் கேமராவில் காட்டிக் கேளுங்கள். தண்ணியாக இருந்தால் வற்றவைக்க அப்போதுதான் வாய்ப்பு உண்டு.