கல் மிதந்த கடல்: தொன்மமும் துயரமும் கலந்த கவிதையைப் படிக்கும் விதம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் 24 வருஷமாக டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பகல் முழுக்க மனுதான். பட்டா மாற்றம், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை. நடுநடுவே யாராவது தன் கவிதைகளை நோட்டில் எழுதிக் கொண்டுவந்து, "புத்தகமாப் போடணும், டைப் பண்ணிக் குடுங்க" என்பார்கள். எனக்குக் கவிதை பழகியது அப்படித்தான், விரல் வழியாக.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நாலைந்து பேர் உட்கார்ந்து கவிதை படிப்போம். சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் ஒரு தம்பி முதல்முறை வந்தபோது கையில் ஒரு தொகுப்பு இருந்தது. "அக்கா, எல்லாம் தெரிஞ்ச சொல்லுதான். ஆனா அகலிகைங்கிறாங்க, அரவான்ங்கிறாங்க, நடுவுல ஒரு பொண்ணு ரேஷன் கடை வரிசைல நிக்கிறா. யாரு யாருன்னே தெரியல" என்றான். அவனுக்குச் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வாய்விட்டுப் படியுங்கள். பொருள் தேட வேண்டாம். எந்த இடத்தில் குரல் தானாக இறங்குகிறது, எந்த இடத்தில் மூச்சு முட்டுகிறது என்று மட்டும் கவனியுங்கள். அப்புறம் ஒரு நோட்டில் கவிதையைக் கையால் எழுதிக்கொள்ளுங்கள், வரி எப்படி உடைந்திருக்கிறதோ அப்படியே. இதில் எனக்கு ஒரு பழைய வருத்தம் உண்டு. கடை ஆரம்பித்த புதிதில் ஒரு தொகுப்பை டைப் செய்தபோது, பக்கம் மிச்சமாகட்டும் என்று தனியாக நின்ற ஒரு சொல்லை மேல்வரியோடு சேர்த்துவிட்டேன். அந்தச் சொல் 'நீ'. புத்தகம் அச்சாகி வந்தபின் அதை எழுதியவர் கடைக்கு வந்தார். கோபப்படவே இல்லை. அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டி, "இவ தனியா நின்னாம்மா" என்றார். செத்துப்போன மனைவிக்கு எழுதிய கவிதை அது. அன்றிலிருந்து ஒரு வரி ஏன் அங்கே முடிகிறது என்று பார்க்காமல் நான் கவிதை படிப்பதில்லை.

அடுத்தது, கவிதையின் தலையில் பென்சிலால் 'கூற்று' எழுதுங்கள். சங்கப் பாட்டில் இதைத் தொகுத்தவர்களே நமக்குச் செய்து வைத்திருக்கிறார்கள்: தலைவி தோழிக்குச் சொன்னது, செவிலி நற்றாய்க்குச் சொன்னது என்று. இன்றைய கவிதைக்கு அந்த உதவி கிடையாது. யார், யாரிடம், எந்த நேரத்தில் பேசுகிறார் என்பதை நாமே கண்டுபிடித்து எழுத வேண்டும். தப்பாக எழுதினாலும் பரவாயில்லை, பென்சில்தானே. புரியவில்லை என்று என்னிடம் வரும் கவிதைகளில் பாதி, யார் பேசுகிறார் என்று தெரிந்ததுமே திறந்துகொள்கின்றன.

அப்புறம்தான் தொன்மம். இதை ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். பாடம் சொல்வதற்காக நானே எழுதி வைத்திருக்கும் ஐந்து வரி:

கல்லைக் கட்டிப் போட்டவரைக்
கரை சேர்த்த கடலே
இடுப்பில் அரைஞாண் மட்டும் கட்டியிருந்த
என் பிள்ளையை
எங்கே வைத்திருக்கிறாய்

இதில் வரும் பழங்கதை எங்கள் ஊர்க் கதை. அப்பரைக் கல்லோடு பிணைத்துக் கடலில் தள்ளினார்கள். அவர் நமச்சிவாயப் பதிகம் பாட, கல் தெப்பமாக மிதந்து திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் கரை ஒதுங்கியது. 'கற்றுணைப் பூட்டியோர் கடலிற் பாய்ச்சினும்' என்ற வரியைக் கேட்காமல் இங்கே யாரும் வளர்ந்திருக்க மாட்டார்கள். வண்டிப்பாளையம் பக்கத்தில் கரையேறவிட்ட குப்பம் என்று ஊருக்கே அந்தப் பெயர் நிற்கிறது. இவ்வளவு தெரிந்தால் போதும். எந்தப் பழங்கதையையும் மூன்று வாக்கியத்தில் சொல்லத் தெரிந்துகொள்ளுங்கள். நாலாவது வாக்கியம் கவிதையினுடையது. அங்கேதான் கதை வழக்கமான பாதையை விட்டுத் திரும்பும். அந்தத் திருப்பத்தைக் கண்டுபிடிப்பதுதான் முக்கால்வாசி வேலை.

இந்த ஐந்து வரியில் திருப்பம் எடையில் இருக்கிறது. பாறாங்கல் மிதந்தது, ஒரு அரைஞாண் கயிறு கனத்துவிட்டது. 2004 டிசம்பர் 26 என்று கவிதை சொல்லவில்லை. அப்பர் பெயரும் இல்லை, சுனாமி என்ற சொல்லும் இல்லை. கடைசி வினைச்சொல்லைப் பாருங்கள். 'கொன்றாய்' என்று இல்லை, 'விழுங்கினாய்' என்றும் இல்லை, 'வைத்திருக்கிறாய்'. பேசுகிறவருக்குப் பிள்ளை இன்னும் எங்கேயோ இருக்கிறது. கல்லைத் தூக்கிவந்து கரையில் விட்ட கடலுக்கு இது பெரிய வேலையா என்று கேட்கிற நம்பிக்கை அது. பழங்கதை இல்லாமல் அந்த நம்பிக்கையைச் சொல்லவே முடியாது. இதனால்தான் கவிஞர்கள் திரும்பத் திரும்பப் புராணத்திடம் போகிறார்கள் என்று நினைக்கிறேன்.

கதை தெரியாவிட்டால் வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910இல் வந்தது, இன்றைக்கும் கைகொடுக்கும். ஆனால் ஒரே கதைக்கு ஒரே வடிவம்தான் என்று நினைத்துவிடாதீர்கள். வால்மீகியில், கணவன் கௌதமன் சாபமிட்டபின் அகலிகை கல்லாவதில்லை. யார் கண்ணுக்கும் தெரியாமல், காற்றே உணவாக, சாம்பலில் கிடக்கிறாள். கம்பனில் கல்லாகிறாள். ஆகவே ஒரு கவிதையில் 'கல்' வந்தால் கம்பனையும் நம் பாட்டிமார் சொன்னதையும் பிடித்து வருகிறது. 'சாம்பல்' வந்தால் வேறு வழி. 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தன் 'சாபவிமோசனம்' கதையில் இன்னொரு திருப்பம் வைத்தார். சீதையைத் தீக்குளிக்கச் சொன்ன செய்தியைக் கேட்டு அகலிகை மறுபடியும் கல்லாகிவிடுகிறாள். அது கவிதை இல்லை, சிறுகதைதான். ஆனால் தொன்மத்தை எப்படித் திருப்புவது என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. தொகுப்பைத் திறக்கும் முன் அதைப் படித்துவிடுங்கள்.

சில சமயம் கதையை எங்கே நிறுத்துகிறார்கள் என்பதே திருப்பம். பாரதி புதுச்சேரியில் இருந்த பத்து வருஷத்தில் எழுதியது பாஞ்சாலி சபதம். முதல் பாகம் 1912இல் வந்தது. போர் அதில் நடப்பதே இல்லை. சபதத்தோடு நின்றுவிடுகிறது. அடிமை நாட்டில் இருந்துகொண்டு எழுதியவருக்கு அதற்கு மேல் போக வழியில்லை, போகவும் கூடாது. பாஞ்சாலி கூந்தலை முடியாமல் நிற்கிறாள், நாடும் அப்படியே நிற்கிறது.

எங்கள் அம்மா ஊர் பண்ருட்டிப் பக்கம். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி கூத்து நடக்கும். கடைசி நாள் படுகளம். மண்ணால் துரியோதனனை ஆள் நீளத்துக்குப் பல மடங்காகச் செய்து தரையில் படுக்க வைத்திருப்பார்கள். சாயங்காலம் தீமிதி. அங்கேதான் பெருந்திருவாள், துரியோதனன் மனைவி, ஒப்பாரி வைப்பாள். வேஷம் கட்டியவர் மீசையை மழித்த ஆண்பிள்ளை என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு வருஷம் என் பெரியம்மா கூட்டத்திலிருந்து எழுந்து போய் அந்த மண் உருவத்தின் கால்மாட்டில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். எனக்கு அப்போது பத்து வயசு. துரியோதனன் கெட்டவனாச்சே, அவனுக்காக ஏன் பெரியம்மா அழுகிறார் என்று அம்மாவைக் கேட்டேன். "அவனுக்கா அழுவுறா? போன ஆடில போனானே, அவனுக்கு" என்றார் அம்மா. பெரியம்மாவின் மூத்த பிள்ளை. அவன் செத்த அன்று பெரியம்மா அழவே இல்லை.

பழங்கதை வரும் கவிதையை இப்படித்தான் படிக்கிறேன். கூத்துக்களத்தில் எழுந்து போய் உட்கார்ந்தது யார் என்று பார்க்கிறேன். கூவாகத்தில் சித்திரையில் திருநங்கைகள், பாரதப் போருக்காகக் களப்பலியான அரவானுக்காகத் தாலி கட்டி, மறுநாள் அறுத்து, வெள்ளை உடுத்தி அழுகிறார்களே, அதை வைத்து எழுதிய கவிதை கையில் கிடைத்தால், அரவான் கதையைச் சொல்கிறதா, அழுகிற ஆளைக் காட்டுகிறதா என்று பாருங்கள். அழுகிற ஆள் இல்லாத கவிதையில் புராணப் பெயர்கள் சும்மா தோரணமாகத் தொங்கும்.

அழகைப் பற்றிப் பலருக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. இவ்வளவு வலியை இவ்வளவு அழகாகச் சொல்லலாமா என்று. ஒப்பாரி கேட்டவர்களுக்கு இந்தச் சந்தேகம் வராது. எங்கள் தெருவில் ஓலைக்குடிசையில் செத்த கிழவிக்கு அவள் மகள்கள் தங்கக் கட்டில் போட்டார்கள், முத்துப் பந்தல் கட்டினார்கள், பவளத்தால் படி கட்டினார்கள், எல்லாம் பாட்டில். அந்தக் கிழவி வாழ்ந்தபோது மூக்குத்தி கூட அடகில்தான் கிடந்தது. கிடைக்காததை எல்லாம் பாட்டில் கொடுக்கிறார்கள். ஆகவே துயரக் கவிதையில் திடீரென்று ஒரு பளபளப்பான உவமை வந்தால், இந்த வாழ்க்கையில் எது இல்லாமல் போனதோ அதுதானா இது என்று கேட்டுப் பாருங்கள். ஆமாம் என்றால் அந்த அழகு உண்மையானது. எனக்கு இன்னொரு சோதனையும் உண்டு: அந்த உவமையைக் கழற்றி வேறொரு கவிதையில் மாட்ட முடிகிறதா? நிலவு, இறகு, பட்டாம்பூச்சி என்று எங்கேயும் பொருந்துவதாக இருந்தால், அது இங்கே வலியை மூடத்தான் வந்திருக்கிறது. மேலே உள்ள வரிகளில் அரைஞாணைக் கழற்றி வேறெங்கும் கட்ட முடியாது.

துயரத்தைப் படிப்பதில் அவசரம் வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு கவிதை போதும். நானே 2005 ஜனவரியில் நாள் முழுக்கச் சுனாமி மனுக்கள் அடித்தேன். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்தபின் பலா எத்தனை மரம், முந்திரி எத்தனை மரம் என்று மாதக்கணக்கில் அடித்தேன். 2015 வெள்ளத்துக்குப் பின் மறுபடியும். மனுவில் எல்லாவற்றுக்கும் இடம் இருக்கும்: பெயர், வயது, இழப்பு, தேதி. ஆனால் மனு சொல்பவர்கள் பாதியில் நிறுத்தி, மனுவுக்குத் தேவையில்லாத ஒன்றைச் சொல்வார்கள். "அந்தப் பலாமரத்து நிழல்லதான் என் தங்கச்சியப் பொண்ணு பாத்தாங்க" என்பார் ஒருவர். அதை அடிக்கக் கட்டம் இல்லை. கவிதையில் நீங்கள் தேட வேண்டியது அதைத்தான். என்ன நடந்தது என்பதைச் செய்தித்தாள் சொல்லிவிடும். கட்டத்துக்கு வெளியே நின்றது எது என்று கவிதையைக் கேளுங்கள்.

நமக்கு நேராத துயரம் என்றால் இன்னும் பொறுமை வேண்டும். ஈழக் கவிதைகளில் முள்ளிவாய்க்கால், நந்திக்கடல் என்று ஊர்ப் பெயர் வரும்போது பலர் அதைத் தாண்டி ஓடிவிடுகிறார்கள். ஓடாதீர்கள். வரைபடத்தை எடுத்து அந்த இடத்தில் விரலை வையுங்கள். 2009 மே மாதம் அந்தச் சின்னக் கடற்கரைத் துண்டில் எத்தனை பேர் நெருக்கி அடைபட்டிருந்தார்கள் என்பது விரலுக்குக் கீழே தெரியும். நாம் உட்கார்ந்திருக்கும் இதே வங்கக் கடலின் கரைதான் அது. சாதிக் கொடுமையைப் பற்றிய கவிதையானாலும் அப்படித்தான். 'எனக்கும் இப்படி நடந்திருக்கிறது' என்று உடனே சொல்லத் தோன்றும். நடந்திருக்காது. அந்த வாயை ஒரு நாள் மூடி வைத்துவிட்டு மறுநாள் திரும்பப் படியுங்கள். கவிஞருக்கு இது சொந்த அனுபவமா என்ற விசாரணையும் வேண்டாம். கூத்தில் பெருந்திருவாள் வேஷம் கட்டியவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.

எந்தத் தொகுப்பில் தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் பெயர் சொல்வதில்லை. நூலகத்தில் ஐந்து ஒல்லிப் புத்தகங்களை எடுங்கள், ஒவ்வொன்றிலும் நடுப்பக்கத்தைத் திறந்து ஒரு கவிதையை வாய்விட்டுப் படியுங்கள். எது உங்களை இரண்டாம் முறை படிக்க வைக்கிறதோ அதை வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

அந்தத் தம்பிக்கு என் ஐந்து வரியை ஒரு தாளில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருந்தேன். கடற்கரையிலேயே உட்கார்ந்து மேலே பென்சிலால் எழுதினான்: 'பிள்ளையைக் கடலில் இழந்த தாய், கடலிடம் சொன்னது.' நாங்கள் எல்லோரும் சரி என்றோம். அதற்கு முன் படித்தவர்களும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். இரண்டு வாரம் கழித்து அதே தாளோடு வந்தான். 'தாய்' என்பதை ரப்பரால் அழித்துவிட்டு, 'தகப்பன்' என்று எழுதியிருந்தான்.

"அம்மான்னு கவிதைல எங்கயும் இல்லயேக்கா. நாமதான் போட்டுக்கிட்டோம்" என்றான்.

அந்த அரைஞாண், 2005 ஜனவரியில் நான் அடித்த ஒரு மனுவில் 'அங்க அடையாளம்' என்ற இடத்தில் இருந்தது. அன்றைக்கு என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து அதைச் சொன்னவர் ஒரு ஆண். அரைஞாண் என்று சொல்லும்போது தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.