ஜி-சிங்க் சில்லுக்குத் தனியாகப் பணம் கொடுக்கும் முன்

என்விடியா கிராபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர்கள், ஜி-சிங்க் சில்லு (விளையாட்டின் வேகத்துக்கு ஏற்பத் திரையின் வேகத்தை மாற்றும் என்விடியாவின் சில்லு) பொருத்திய விலை உயர்ந்த மானிட்டரைத் தேடாமல், அதே வேலையை அந்தச் சில்லு இல்லாமல் செய்யும் அடாப்டிவ் சிங்க் வசதியுள்ள ஃப்ரீசிங்க் (ஏஎம்டி நிறுவனம் இவ்வசதிக்கு வைத்த பெயர்) மானிட்டரையே வாங்கலாம். ஆனால் அதன் சிங்க் வரம்பில் (திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படும்போது ஒத்திசைவு இயங்கும் என்பதை ஹெர்ட்ஸில் சொல்வது) மேல் எண், கீழ் எண்ணைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறதா என்பதை அவசியம் பார்த்துவிடுங்கள்.

2019 ஜனவரி முதல், ஜிடிஎக்ஸ் 10 வரிசையும் அதற்குப் பின் வந்த கார்டுகளும் டிஸ்பிளேபோர்ட் கேபிள் வழியாக இத்தகைய மானிட்டர்களுடன் ஒத்திசைந்து இயங்குகின்றன. வரம்பு 48 முதல் 144 ஹெர்ட்ஸ் வரை இருந்தால், விளையாட்டின் வேகம் நொடிக்கு 40 பிரேமாக (கார்டு உருவாக்கும் படங்களாக) குறையும்போது ஒவ்வொரு பிரேமும் இருமுறை காட்டப்பட்டு மானிட்டர் 80 ஹெர்ட்ஸில் ஒத்திசைவைத் தொடரும். 48 முதல் 75 வரை மட்டும் என்றால் அந்த 80 வரம்பைத் தாண்டிவிடுவதால், உதவி மிகவும் தேவைப்படும் அந்த நேரத்திலேயே படம் கிழிந்ததுபோல் தெரியவோ திக்கவோ தொடங்கும். விலையைவிட இந்த எண்களே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. சில மானிட்டர்களில் அடாப்டிவ் சிங்க் வசதியை மெனுவில் நாமே இயக்க வேண்டும்.

பிளேஸ்டேஷன் 5 வைத்திருப்பவர்களுக்கு இக்குறிப்பு பொருந்தாது. அதற்கு எச்டிஎம்ஐ 2.1 வழியாக விஆர்ஆர் (மாறும் புதுப்பிப்பு வேகம்) வசதி தரும் திரையே வேண்டும். பிரேம் எண்ணிக்கை எப்போதும் மானிட்டரின் உச்ச வேகத்தைத் தாண்டியே இருக்கும் போட்டி விளையாட்டுகளை மட்டும் ஆடுவோருக்கும் இவ்வசதியால் பெரிய பயனில்லை.