வெளிநாடா, வயலா: முன்பணம் கொடுக்கும் முன் போட வேண்டிய கணக்கு

நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன காலத்திலிருந்தே டெல்டாவில் இந்தப் பேச்சு ஓயவில்லை. கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் வெளிநாடு போய்வருகிறவரைச் 'சபுராளி' என்று தனிப்பெயர் வைத்தே அழைப்பார்கள். இன்று கப்பலுக்குப் பதில் திருச்சி விமான நிலையம்.

"போகலாமா, வேண்டாமா?" என்று ஊரில் கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு: போவதற்காக வாங்கும் கடன் எத்தனையாவது மாதத்தில் அடையும்? ஒப்பந்தக் காலத்தின் பாதிக்குள் அடையுமானால் மேற்கொண்டு யோசிக்கலாம். அதைத் தாண்டுமானால் வேலை எவ்வளவு நல்லதாகத் தெரிந்தாலும் அந்த விசாவை விட்டுவிடுங்கள். ஓரிரு ஏக்கர் நிலமும் ஒரு கைத்தொழிலும் உள்ள குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தும். மேற்படிப்புக்குப் போகிறவர்களின் கணக்கே வேறு.

முதலில் ஊர்க்கணக்கு

ஒரு நோட்டில் கடைசி இரண்டு வருட வரவு செலவை எழுதுங்கள். ரசீது பார்த்து எழுத வேண்டும். ஞாபகத்திலிருந்து எழுதினால் நல்லா விளைந்த வருடம் மட்டும்தான் வந்து நிற்கும்.

மாதிரிக்கு மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர். 60 கிலோ மூட்டை 34 கண்டால் 20.4 குவிண்டால். 2025-26 பருவத்தில் சாதா ரகத்துக்குக் கொள்முதல் விலை, மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து, குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். வரவு 51,000. உழவு, நாற்று, நடவு, உரம், களை, அறுப்பு மெஷின், ஏற்றுகூலி எல்லாம் 32,000 என்றால் மிச்சம் 19,000. இருபோகம் கண்டால் இதுபோல் இரண்டு, சம்பா தாளில் தெளித்த உளுந்து தனி.

இந்த 19,000-ல் உங்கள் உடம்புக்குக் கூலி போடவில்லை என்பதைக் கவனியுங்கள். மடை திறக்க, வரப்பு வெட்ட, மருந்தடிக்க, கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் குவித்துவிட்டு ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு இறங்கும் வரை தார்ப்பாயோடு காவல் கிடக்க, இதற்கெல்லாம் இனி ஆள் வைக்க வேண்டும். போகத்துக்கு 7,000 வைத்தால் மிச்சம் 12,000 ஆகிவிடும். அந்த 7,000-மும் வெளிநாடு போவதற்கான செலவுதான். ஏஜென்ட் போட்டுத் தரும் கணக்கில் இது ஒருநாளும் இருக்காது.

உங்கள் வயல் மேல்மடையா கடைமடையா என்பதும் முக்கியம். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாலும் வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் தண்ணீர் எட்ட நாளாகும். அங்கே பல வயல்களுக்குச் சம்பா ஒன்றுதான் நிச்சயம். ஒருபோக நிலத்தை இருபோகமாக எழுதி உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்ள வேண்டாம். கொத்தனார், டிரைவர், எலக்ட்ரீஷியன் வேலை தெரிந்தவர்கள் ஊரில் கிடைக்கும் நாட்கூலியையும், மழைக்காலத்தில் வேலை இல்லாத நாட்களைக் கழித்துவிட்டு, இதே பக்கத்தில் சேர்க்க வேண்டும்.

அடுத்து அக்கரைக் கணக்கு

துபாய் வேலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 1,000 திர்ஹம், சாப்பாட்டுப்படி 300. சாப்பாடு, போன், சோப்பு, சில்லறைச் செலவு போக 850 அனுப்ப முடியும். திர்ஹம் 24 ரூபாய் என்று வைத்தால் 20,400. வீட்டுச் செலவுக்கு 9,000 போனால் கடனுக்கு 11,400.

ஏஜென்டுக்கு ஒன்றரை லட்சம் மூணு வட்டிக்கு (நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய்) வாங்கிக் கொடுத்ததாக வையுங்கள். முதல் இரண்டு மாதம் பணம் வராது. விசா அடித்து, ஒரு மாதம் வேலை பார்த்த பிறகுதான் சம்பளம். வட்டி ஏறி அசல் 1,59,000 ஆகிவிடும். பிறகு மாதம் 11,400 கட்டினால் கடன் தீருவது 21-வது மாதம். 24 மாத ஒப்பந்தத்தில் கையில் நிற்பது சுமார் 40,000. நான்கு போகத்துக்கு வயலில் ஆள் வைத்த 28,000-ஐக் கழியுங்கள். இரண்டு வருடத்துக்குப் 12,000 ரூபாய்! முதல் இரண்டு மாத வீட்டுச் செலவுக்குக் கைமாத்து வாங்கியிருந்தால் அதுவும் இல்லை.

அதே வேலைக்குச் சட்டப்படியான கட்டணமும் டிக்கெட், மெடிக்கல் செலவுமாக 60,000 ஆகி, அதை ஒரு வட்டிக்கு நகைக்கடனாக வாங்கினால் எட்டாவது மாதமே கடன் தீரும். சம்பளம் இரண்டிலும் ஒன்றுதான். ஆகவே கேட்க வேண்டியது "சம்பளம் எவ்வளவு?" மட்டும் அல்ல, "போக எவ்வளவு, அது எந்த வட்டிப் பணம்?" என்பதும்தான்.

பணம் புரட்டும் வழிகளில் மீட்டர் வட்டியையும் மூணு வட்டியையும் தொடாதீர்கள். வங்கி அல்லது கூட்டுறவுச் சங்க நகைக்கடன் முதல் வழி. இரண்டாவது, நிலத்தைப் போகியத்துக்கு விடுவது: வட்டிக்குப் பதில், கடனை மீட்கும் வரை விளைச்சல் பணம் கொடுத்தவருக்கு. ஒன்றரை லட்சத்துக்கு மூணு வட்டி வருடம் 54,000. ஒரு ஏக்கரைப் போகியம் விட்டால் இழப்பது, மேலே போட்ட கணக்குப்படி ஆள் கூலி போக, வருடம் 24,000-மும் உளுந்தும். ஆனால் கெடுவுக்குள் மீட்காத போகியம் கடைசியில் கிரயத்தில் போய் முடியும். பத்திரம் பதிவாக வேண்டும், மீட்கும் தேதி அதில் இருக்க வேண்டும். பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கத்தில் ஆடியில் மொய் விருந்து வைத்துத் திரட்டுவதும் உண்டு. வட்டி இல்லை என்பது நிஜம்தான். ஆனால் அடுத்தடுத்த ஆடிகளில் பத்திரிகை வந்துகொண்டே இருக்கும். நீங்கள் அக்கரையில் இருந்தாலும் மொய் நோட்டு விடாது. அதையும் மாதச் செலவில் எழுதுங்கள்.

பேசிக் ஏன் முக்கியம்

"எல்லாம் சேர்த்து 1,300" என்று சொன்னால் உடனே "பேசிக் எவ்வளவு?" என்று கேளுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஒரு வருடம் முடித்தவருக்கு, முதல் ஐந்து வருடங்களுக்கு, வருடத்துக்கு 21 நாள் பேசிக் பணிக்கொடையாக வர வேண்டும். ஓவர்டைம் கணக்கும் பேசிக் மேல்தான். 1,300-ல் பேசிக் 1,000 என்றால் இரண்டு வருடப் பணிக்கொடை 1,400 திர்ஹம். அதே 1,300-ஐ 600 பேசிக், 700 படி என்று பிரித்துவிட்டால் 840 தான். கத்தாரில் 2021 மார்ச் முதல் குறைந்தபட்ச பேசிக் 1,000 ரியால். தங்குமிடம் கொடுக்காவிட்டால் 500, சாப்பாடு கொடுக்காவிட்டால் 300 மேலே தர வேண்டும். அதற்குக் கீழே பேசினால் மேற்கொண்டு பேச ஒன்றும் இல்லை.

ஏஜென்டும் தாளும்

டெல்டா கிராமங்களில் வீட்டுக்கு வந்து பேசுகிறவர் பெரும்பாலும் சப்-ஏஜென்ட். சட்டத்தில் அப்படி ஒரு ஆளே கிடையாது. யாருடைய உரிமத்தில் அனுப்புகிறார் என்று கேட்டு, அந்த எண்ணை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். உரிமம் பெற்றவர் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும், ஆக 35,400. பணம் உரிமதாரர் கணக்குக்கு வங்கி வழியாகப் போக வேண்டும், ரசீது வேண்டும். "ரொக்கமாகக் கொடுங்க தம்பி, ரசீதெல்லாம் அப்புறம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் 1978 முதல் சென்னையில் இயங்குகிறது. நர்ஸிங் முடித்தவர்கள் தனியாரிடம் போவதற்கு முன் அங்கே பதிவு செய்வது நல்லது.

பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட் குடியேற்றச் சோதனை தேவைப்படும் வகை. அதை வைத்துக்கொண்டு வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குப் போக இ-மைக்ரேட் அனுமதி வேண்டும். பிரவாசி பாரதிய பீமா காப்பீடும் கட்டாயம்: இரண்டு வருடத்துக்கு 275, மூன்று வருடத்துக்கு 375 ரூபாயும் வரியும் கட்டினால், விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம். இதைத் தட்டிக்கழிக்கத்தான் "விசிட் விசாவில் போய் அங்கே மாத்திக்கலாம்" என்கிறார்கள். விசிட் விசாவில் வேலை பார்ப்பது அங்கே குற்றம்; சம்பளம் தராவிட்டாலும் புகார் சொல்ல வழியில்லை. 'ஃப்ரீ விசா' என்பதும் இதே ரகம்: ஸ்பான்சர் பேரில் ஒருவர், வேலை வேறிடத்தில், பிடிபட்டால் நீங்கள். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று கூட்டிப்போய் மியான்மரின் மியாவடியில் சைபர் மோசடிக் கூடாரத்தில் அடைத்த சம்பவங்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் சிக்கியிருக்கிறார்கள்.

சிங்கப்பூர் வழி வேறு. கட்டுமான வேலைக்கு டெஸ்ட் அடித்துப் போகிறவர்கள், கிளம்பும் முன் ஐ.பி.ஏ. கடிதம் (வேலை அனுமதிக்கான முன் ஒப்புதல்) கைக்கு வந்ததா என்று பார்க்க வேண்டும். பேசிக், படி, பிடித்தம் எல்லாம் அதில் தனித்தனியாக இருக்கும். கடிதத்தில் இல்லாத பிடித்தத்தை ஏஜென்ட் வாயால் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். அந்நாட்டு ஏஜென்ட் தொழிலாளியிடம் வாங்கக்கூடியது வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதம். முதலாளி அரசுக்குக் கட்டும் லெவியை உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.

வளைகுடா மெடிக்கலில் பலர் விழுவது நெஞ்சு எக்ஸ்ரேயில். எப்போதோ வந்து குணமான காசநோயின் தழும்பு தெரிந்தாலும் 'அன்ஃபிட்' ஆகிவிடும். அதனால் மெடிக்கல் தேறிய பிறகே பெரிய தொகையைக் கொடுக்க வேண்டும். முன்பணத்தை முதலில் வாங்கிக்கொண்டு மெடிக்கலுக்கு அனுப்புவது ஏஜென்டுக்கு லாபம், உங்களுக்கு அல்ல.

நிலத்தை யார் பார்ப்பது

வாய்ப்பேச்சுக் குத்தகை வேண்டாம். 1955-ம் ஆண்டு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி குத்தகைதாரரை நினைத்த நேரத்தில் எழுப்ப முடியாது. அது சரியான சட்டம்தான். அதைத் தெரிந்துகொண்டே ஒப்பந்தம் போட வேண்டும், பாக்கியும் அளவும் எழுத்தில் இருக்க வேண்டும். அம்மாவோ மனைவியோ சாகுபடி செய்வதானால் வி.ஏ.ஓ.விடம் அடங்கலும் (பயிர்ப் பதிவு) சாகுபடிச் சான்றும் அவர் பேரில் ஆகட்டும். இல்லாவிட்டால் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு, ஓடிபி வரும் சிம் ஷார்ஜாவில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு நிற்பார்கள். பி.எம்.-கிசான் உதவித்தொகை வெளிநாடுவாழ் இந்தியருக்குக் கிடையாது.

பலர் போடும் திட்டம், "சம்பாதித்துப் பக்கத்து நாலு மாவை வாங்கிப் போடலாம்" என்பது. வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க அன்னியச் செலாவணிச் சட்டம் இடம் தரவில்லை. ஏற்கனவே உள்ளதை வைத்திருக்கலாம், வாரிசாக வருவதைப் பெறலாம். அதனால் வாங்குவதானால் ஊர் திரும்பிய பிறகு, அல்லது ஊரில் இருப்பவர் தன் பணத்தில் தன் பேரில். உங்கள் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. ஆக, அதாவது வெளிநாடுவாழ் இந்தியர் இங்கே வரும் வருமானத்துக்கு வைக்கும் கணக்காக, மாற்ற வேண்டும். சம்பளத்தை அனுப்ப, வெளிநாட்டு வருமானத்துக்கான என்.ஆர்.இ. கணக்கைத் தனியாகத் திறந்தால் அதன் வட்டிக்கு இங்கே வரி இல்லை.

அதிகாரப் பத்திரம் தேவைப்பட்டால் கிளம்பும் முன்பே சார்பதிவாளர் அலுவலகத்தில் முடித்துவிடுங்கள். வெளிநாடு போய் எழுதினால் தூதரகச் சான்று வாங்கி, பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வையும் கட்ட வேண்டிவரும். 'எல்லா அதிகாரமும்' என்று எழுதாமல் வங்கி, சாகுபடி, வரி என்று வேலையைக் குறிப்பிட்டு எழுதுங்கள். விற்கும் அதிகாரத்தை யாருக்கும், சொந்த அண்ணனாகவே இருந்தாலும், எழுதித் தராதீர்கள்.

வீட்டில் விட்டுப் போகும் உறை

பாஸ்போர்ட், விசா, இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், காப்பீடு, ஏஜென்ட் ரசீது ஆகியவற்றின் நகலை ஒரு உறையில் போடுங்கள். மேலே கம்பெனிப் பெயர், முகாம் முகவரி, இந்தியத் தூதரக எண், வெளிநாடு போகும் இந்தியர்களுக்கான அரசு உதவி மையமான பிரவாசி பாரதிய சகாயதா கேந்திராவின் கட்டணமில்லா எண் 1800 11 3090 ஆகியவற்றைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைப்பது வளைகுடா நாடுகளிலும் சட்டவிரோதம்தான், ஆனாலும் நடக்கிறது. அப்படி நடந்தால் தூதரகத்தில் முதலில் கேட்பது பாஸ்போர்ட் எண். அந்த உறை பீரோவில் நகைப்பெட்டிக்குப் பின்னால் அல்ல, ரேஷன் கார்டு இருக்கும் இடத்தில் இருக்கட்டும்.