ஸ்கைரிம் அப்டேட்டும் மாட்களும்: எதைப் பூட்ட வேண்டும், எப்போது திறக்க வேண்டும்

ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன் கேமுக்கு அப்டேட் வந்தால் எல்லா மாட்களும் (ரசிகர்கள் செய்து சேர்க்கும் மாற்றங்கள்) கெட்டுப்போவதில்லை. டெக்ஸ்சர் (மேற்பரப்புப் படம்), மெஷ் (3டி உருவம்), சாதாரண இஎஸ்பி ஃபைல்கள் (கேம் தரவை மாற்றும் பிளகின்கள்) பெரும்பாலும் அப்படியே ஓடும். அடிவாங்குவது எஸ்கேஎஸ்இ-யும் (ஸ்கைரிம் ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர், மாட்களுக்குக் கூடுதல் வசதி தரும் துணை நிரல்) அதை நம்பியிருக்கும் டிஎல்எல் மாட்களும் (கேமுக்குள் நிரலாகவே ஏறுபவை) தான். கேமின் எக்ஸி ஃபைலில் (கேமை இயக்கும் முதன்மை ஃபைல்) எந்த ஃபங்ஷன் எந்த முகவரியில் இருக்கிறது என்பதைப் பிடித்துக்கொண்டே அவை இயங்குகின்றன. புதிய எக்ஸி வந்தால் முகவரிகள் நகர்ந்துவிடும்.

முதலில் உங்கள் பதிப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். எக்ஸி மீது ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டீட்டெயில்ஸ். ஸ்டீமில் 1.5.97 என்றால் எஸ்கேஎஸ்இ 2.0.20; 1.6.1170 என்றால் 2.2.6. அந்த முகவரிகளை ஐடி எண் வாரியாகப் பட்டியலிடும் அட்ரஸ் லைப்ரரியும் இரண்டுக்கும் தனித்தனி. 2021 நவம்பர் 11 அன்று வந்த 1.6.317-இல் கம்பைலரே மாறியதால் பழைய ஐடி எண்கள் செல்லாமல் போயின. இரண்டுக்கும் பொருந்தும்படி எழுதப்பட்ட டிஎல்எல்களைத் தவிர, ஒரு பக்கத்து டிஎல்எல் மறுபக்கம் ஏறாது.

அடுத்து பூட்டு, அதாவது அப்டேட் தானாக இறங்காமல் தடுப்பது. ஸ்டீமில் கேமின் ப்ராப்பர்ட்டீஸுக்குள் அப்டேட்ஸ் பகுதியில், 'தொடங்கும்போது மட்டும் அப்டேட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதன்பின் ஸ்டீமின் ப்ளே பட்டனைத் தொடவே கூடாது. எப்போதும் எஸ்கேஎஸ்இ லோடர் வழியாகவே திறக்க வேண்டும். பட்டனில் கை படாது என்று உறுதியில்லையா? ஸ்டீமை மூடிவிட்டு, ஸ்டீம்ஆப்ஸ் ஃபோல்டரில் 489830 என்ற எண் கொண்ட ஏசிஎஃப் ஃபைலை (கேமின் பதிப்பை ஸ்டீம் குறித்துவைக்கும் ஃபைல்) ரீட்-ஒன்லி ஆக்குங்கள். எக்ஸியின் நகல் ஒன்றையும் வேறு இடத்தில் வையுங்கள். இந்த மூன்றில் நகல்தான் முக்கியம், அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

அப்டேட் எப்படியோ இறங்கிவிட்டால், கேமின் பதிப்பு புதியது என்று லோடர் சொல்லி நின்றுவிடும். அப்போது எஸ்கேஎஸ்இ இல்லாமல் கேமைத் திறந்து பழைய சேவ் ஃபைலை ஏற்றாதீர்கள். ஒவ்வொரு சேவ் ஃபைலுக்கும் பக்கத்திலேயே எஸ்கேஎஸ்இ தனக்கென ஒரு துணை ஃபைல் எழுதுகிறது. எஸ்கேஎஸ்இ இல்லாமல் மறுபடி சேவ் செய்தால் புதிய சேவுக்கு அது இருக்காது; மாட்கள் அதில் வைத்திருந்த தகவல் போய்விடும்.

நகல் எக்ஸியைத் திருப்பிப் போட்டால் பெரும்பாலும் சரியாகும். நகல் இல்லையென்றால் ஸ்டீம் கன்சோலில் (கட்டளை தட்டும் திரை) டெப்போ டவுன்லோட் கட்டளையால் பழைய எக்ஸியை எடுக்கலாம்: ஆப் எண் 489830, டெப்போ (கேம் ஃபைல்களின் தொகுப்பு) 489833, அதோடு அந்தப் பதிப்பைக் குறிக்கும் மேனிஃபெஸ்ட் எண். ஸ்டீம்ஆப்ஸுக்குள் கன்டென்ட் ஃபோல்டரில் வந்து விழும்.

புதிய பதிப்புக்கே போக விரும்பினால் அவசரப்படாதீர்கள். எஸ்கேஎஸ்இ, அட்ரஸ் லைப்ரரி, பிறகு ஒவ்வொரு டிஎல்எல் மாட் என்ற வரிசையில் பாருங்கள். ஒன்று தயாராகாவிட்டாலும், அது இல்லாமல் ஆட முடியாதென்றால், காத்திருப்பதே மேல். டிஎல்எல் ஏறவில்லை என்று எஸ்கேஎஸ்இ பெட்டி காட்டினால், தொடராமல் வெளியேறி அதன் லாக் ஃபைலில் பெயரைத் தேடுங்கள்.

பழைய பதிப்பில் பூட்டி வைத்திருப்பவர்களுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு தொல்லை உண்டு. 2023 டிசம்பரில் வந்த 1.6.1130-இலிருந்து பிளகின் ஃபைலின் தலைப்பில் இருக்கும் ஹெடர் பதிப்பு எண் 1.71 ஆனது, இஎஸ்எல் என்ற லேசான வகைப் பிளகினில் அடங்கும் புதிய ரெக்கார்டுகள் (தரவுப் பதிவுகள்) 2048-லிருந்து 4096 ஆயின. இப்படிச் செய்த புதிய மாட்டைப் பழைய எக்ஸியில் போட்டால் கேம் க்ராஷ் ஆகலாம். புதிய வசதியைப் பழைய பதிப்புக்குக் கொண்டுவரும் பீஸ் (BEES) என்ற பேக்போர்ட் மாட்டைப் போட்டுக்கொண்டால் பழைய எக்ஸியும் அவற்றைப் படிக்கும்.