ஆட்டின் இமையைப் பார்த்துப் பூச்சி மருந்து கொடுப்பது எப்படி?

கொழும்பில் மட்டக்குளி, முகத்துவாரம் பக்கம் வளவில் இரண்டு மூன்று ஆடு வளர்ப்பவர்களைக் கேட்டால், "மூன்று மாதத்துக்கு ஒருக்கா எல்லாத்துக்கும் பூச்சி மருந்து பருக்கிவிடுவேன்" என்பார்கள். இந்தப் பழக்கத்தை விடுங்கள். தேவையில்லாத ஆட்டுக்கும் கொடுத்துக்கொண்டே இருந்தால் மருந்துக்குச் சாகாத புழுக்கள்தான் மிஞ்சிப் பெருகும்.

நம்மூர்ச் சூட்டிலும் ஈரத்திலும் மிக மோசமானது ஹீமோன்கஸ் என்ற புழு. நான்காவது இரைப்பையில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும். ஒரு புழுவால் நாளுக்குச் சுமார் 0.05 மில்லிலீற்றர் இரத்தம் போகும். ஆயிரம் புழு என்றால் 50 மில்லிலீற்றர். 25 கிலோ ஆட்டின் உடலில் இருப்பதே இரண்டு லீற்றருக்கும் குறைவு. அப்புறம் எப்படி எடை ஏறும், பால் சுரக்கும்? இந்தப் புழுவால் பெரும்பாலும் வயிற்றாலே போகாது. அதனால் "கழியவில்லை, பூச்சி இருக்காது" என்று இருந்துவிடாதீர்கள்.

படி 1: இமை பார்த்தல்

புழு இரத்தத்தைக் குடித்துவிட்டால் கீழிமையின் உள்பக்கம் வெளிறும், அதைத்தான் பார்க்கப் போகிறோம். ஆட்டை நிழலை விட்டுப் பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். பெருவிரலால் மேலிமையைக் கண்மேல் மூடி மெல்ல அழுத்துங்கள். அப்படியே மற்றக் கையால் கீழிமையை இழுங்கள். உள்சதை பிதுங்கி வரும். உடனே நிறத்தைப் பாருங்கள், இழுத்து வைத்துக்கொண்டே இருந்தால் நிறம் மாறிவிடும். மூக்குப் பக்க மூலையில் தெரியும் சவ்வைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

நல்ல சிவப்பு என்றால் மருந்து வேண்டாம். வெளிறிய இளஞ்சிவப்போ வெள்ளையோ என்றால் கட்டாயம் வேண்டும். இரண்டுக்கும் நடுவே சந்தேகமாக இருந்தால், குட்டிக்கும் சினை ஆட்டுக்கும் பால் ஆட்டுக்கும் கொடுத்துவிடுவது நல்லது. தாடைக்குக் கீழே பை போல வீக்கம் இருந்தால் இமை பார்த்துக்கொண்டு நிற்காமல் மிருக வைத்தியரிடம் போங்கள். உண்ணி, பேன், ஈரல் தட்டைப்புழுவாலும் இமை வெளிறும். அதையும் அவர்தான் பிரித்துச் சொல்வார்.

படி 2: நிறுத்தல்

கண்மதிப்பு வேண்டாம். ஆட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுத் தராசில் ஏறுங்கள், உங்கள் எடையைக் கழியுங்கள். சரி, ஆட்டின் எடை கிடைத்துவிட்டது.

படி 3: மருந்து

அல்பெண்டசோல், லெவமிசோல், ஐவர்மெக்டின் எதுவானாலும் எடையைச் சொல்லி வைத்தியரிடம் அளவைக் கேளுங்கள். பல மருந்துகளை ஆட்டின் உடல் செம்மறியை விட வேகமாகக் கழித்துவிடும், செம்மறிக்கான அளவு காணாது. அதற்காக லெவமிசோலை நீங்களாகக் கூட்டினால் விஷமாகிவிடும். சினையின் தொடக்கத்தில் அல்பெண்டசோல் கூடாது. பாலை எத்தனை நாள் எடுக்கக்கூடாது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஊசி கழற்றிய சிரிஞ்சை வாயோரமாக நாக்கின் பின்பக்கம் வரை விட்டு மெதுவாகப் பருக்குங்கள். தலையை அண்ணாத்தினால் புரைக்கேறும்.

படி 4: புல்

சாணத்தில் விழும் புழு முட்டை ஈரச்சூட்டில் ஒரு வாரத்துக்குள் தொற்றும் நிலைக்கு வந்து, பனி ஈரத்தில் புல்லில் ஏறும். பெரும்பாலும் அடி ஐந்து சென்ரிமீற்றருக்குள்தான். ஆகவே புல் காய்ந்தபின் அவிழ்த்துவிடுங்கள், ஒரே இடத்தில் தினமும் கட்டாதீர்கள். பலா இலை, சீமைக்கிளுவை வெட்டி உயரத்தில் கட்டித் தொங்கவிட்டால் இன்னும் நல்லது.

படி 5: மறுபடி பார்த்தல்

சாதாரணமாக மாதம் ஒருமுறை இமை பாருங்கள். மே, ஒக்டோபர், நவம்பர் மழையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. மருந்து கொடுக்கும் நாளிலும், 10 முதல் 14 நாள் கழித்தும் சாணத்தை வைத்தியரிடம் கொடுத்துப் புழு முட்டையை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். 95 சதவீதமாவது குறையவில்லை, அளவும் சரியாகத்தான் கொடுத்தீர்கள் என்றால், வேறு வகை மருந்துக்கு மாற வேண்டியதுதான்.